மயிலிறகின் பாரம்
(பிரண்ட்ஸ்டர் தளத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும் குறித்த ஒரு திறனாய்வு)

மயிலிறகு எடையற்றது. குழந்தை ஊதினாலும் பறந்துவிடும். ஆயினும், அளவறியாமல் அதனையே ஏற்றிக்கொண்டு போனால் வண்டியின் அச்சு ஒரு நாள் முறிந்தே தீரும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை எச்சரிக்கிறார். மன்னனுக்குக் கூறிய அந்த எச்சரிக்கை, கோடிக்கணக்கான மக்களை ஏற்றிக்கொண்டு ஓடும் இன்றைய சமூக வலைத்தளங்களுக்கும் பொருந்துகிறது. ஒரு நண்பனின் பெயர், ஒரு பிறந்தநாள் வாழ்த்து, ஒரு நிழற்படம் ஆகியவை தனித்தனியே நோக்கின் மயிலிறகினும் இலேசானவை. அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியபோது ஒரு பெரிய வண்டி அச்சு முறிந்து நின்றது. அவ்வண்டியின் பெயர் பிரண்ட்ஸ்டர். அமெரிக்காவில் புறப்பட்ட அது, தன் இறுதி நாள்களைக் கழித்தது நம் மலேசிய மண்ணில் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

சமூக வலைத்தளங்களைப் பற்றி நம் எழுத்தாளர்கள் வரையும் கட்டுரைகளில் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகளையே காண்கிறோம். உலகையே உள்ளங்கைக்குள் கொண்டுவந்த அற்புதம் என்பது ஒன்று. இளைஞரைக் கெடுக்க வந்த மாயை என்பது மற்றொன்று. போற்றுவோரும் தூற்றுவோரும் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை: அது எவ்வாறு இயங்குகிறது? நாவலைத் திறனாயப் புகுந்தவன் அதன் கட்டுக்கோப்பை நோக்காமல், கதைத்தலைவன் நல்லவனா தீயவனா என்று மட்டும் உரைத்துவிட்டு எழுந்து போனால் அதனைத் திறனாய்வு என்போமா? பிரண்ட்ஸ்டரையும் ஒரு படைப்பாகவே கொண்டு, அதன் கட்டுக்கோப்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேயிலை கற்பித்த பாடம்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவன் என்னும் முறையில், 'பெருக்கம்' என்பதன் இயல்பை நான் முதலில் கற்றது கணினியிடமிருந்து அன்று, தோட்டத்து ஸ்டோரிடமிருந்துதான். பகாங் மாநிலத்தின் இம்மலைகளில் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் 1929-ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்தும் சரிவைத் திருத்தியும் கன்றை ஊன்றியும் அத்தொழிலை நிலைநிறுத்தியவர்களுள் நம் முன்னோர் முதன்மையானோர் என்பதை இம்மேடையில் விரித்துரைக்க வேண்டியதில்லை.

தோட்டத்தை விரிவாக்குவது எளிது போலத் தோன்றும். இன்னும் ஒரு சரிவைத் திருத்தலாம். இன்னும் நூறு பேரைக் கொழுந்து பறிக்க அனுப்பலாம். கூடைகள் நிறைந்துவிடும். ஆனால், பறித்த கொழுந்து அன்றே ஸ்டோருக்கு வந்தாக வேண்டும். அங்கே அது 12 முதல் 18 மணி நேரம்வரை காற்றில் வாட வேண்டும். பின்னரே உருட்டுதல், நிறமேற விடுதல், உலர்த்துதல், சலித்தல் என்னும் படிகள். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் கொழுந்து சுருங்கி 1 கிலோ தேயிலை ஆகிறது. வாடவைக்கும் இடம் நேற்று இருந்த அளவே இன்றும் இருக்க, பறிப்போர் மட்டும் இரட்டித்தால் நேர்வது என்ன? கொழுந்து குவியலாகக் கிடந்து உள்ளேயே சூடேறிச் சிவந்து கெட்டுவிடும். பறித்தவர் கையிலும் குறையில்லை, கொழுந்திலும் குறையில்லை. ஒரே ஓரிடம் குறுகலாக இருந்தது. அக்குறுகல் தோட்டம் முழுவதன் உழைப்பையும் பாழாக்கிவிட்டது.

இதற்குத் தோட்ட நிர்வாகம் கண்ட வழி பிரித்தல் ஆகும். தோட்டத்தை டிவிஷன்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெரட்டு, தனி மண்டோர், தனி நிறுவை. ஒரு டிவிஷனில் மழை பெய்து வேலை நின்றால் மற்றொன்று நிற்பதில்லை. இம்முறை வெற்றி பெற்றதற்கு ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. தேயிலைச் செடிக்கு உறவில்லை. இந்தச் சரிவிலுள்ள செடி, அந்தச் சரிவிலுள்ள செடியை நலம் விசாரிப்பதில்லை. ஆகவே வேலி போட்டுப் பிரித்தாலும் ஒன்றும் அறுந்துபோவதில்லை.

ஆனால் லயத்து மனிதர்கள் அத்தகையோர் அல்லர். அந்நாளில் அயலூர் இளைஞன் ஒருவன் லயத்துப் பக்கம் வந்துவிட்டால், திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டி அவனை நிறுத்தி, "தம்பி, நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பாள். தந்தை பெயர், தாய் பிறந்த தோட்டம், பாட்டன் வேலை செய்த டிவிஷன் என மூன்று நான்கு கேள்விகளுக்குள் அவன் அவளுக்குப் பேரன் முறையாகிவிடுவான். இருநூறு குடும்பங்களின் உறவுக்கொடி அவள் நினைவில் இருந்தது. அவளால் அது இயன்றது; ஏனெனில் குடும்பங்கள் இருநூறே. இருபது லட்சம் குடும்பங்களுக்கு அவள் எவ்வாறு முறை சொல்வாள்? பிரண்ட்ஸ்டர் ஏற்றுக்கொண்ட பணி இதுவேயாகும்.

உறவுமுறை கணக்கிட்ட இயந்திரம்

ஜொனாதன் ஏப்ரம்ஸ் என்பவர் 2002-ஆம் ஆண்டில் உருவாக்கி, 2003-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட தளம் பிரண்ட்ஸ்டர். சில மாதங்களில் 30 லட்சம் பேர் அதில் சேர்ந்தனர். அவ்வாண்டிலேயே கூகுள் நிறுவனம் 3 கோடி அமெரிக்க டாலருக்கு அதனை வாங்க முன்வந்தது, ஏப்ரம்ஸ் மறுத்துவிட்டார்.

முதலில் அதன் நிறையைக் கூறுவதே முறை. அதற்கு முந்திய தளங்கள் பலவற்றில் மனிதன் முகமற்ற புனைபெயராக உலவினான். பிரண்ட்ஸ்டர் அவனை உறவின் நடுவே நிறுத்தியது. அதில் ஒருவர் பக்கத்தைத் திறந்தால், அவர் நமக்கு யார் வழியாக அறிமுகம் என்பதையும் அது காட்டும். நண்பர், நண்பரின் நண்பர், அவருடைய நண்பர் என நான்கு படிகள் வரை அச்சங்கிலி நீளும். நம் லயத்துப் பாட்டியின் கேள்வியையே அது இயந்திரத்தின் வாயில் வைத்தது. ஆசிய மக்களின் உள்ளத்தை அது கவர்ந்ததில் வியப்பில்லை.

அழகின் இருப்பிடமே அழிவின் இருப்பிடமுமாயிற்று. ஒருவருக்கு 100 நண்பர்கள் எனக் கொள்வோம். இரண்டாம் படியில் 10,000 பேர். மூன்றாம் படியில் 10 லட்சம். நான்காம் படியில் 10 கோடி. ஒருவரே பல வழிகளில் திரும்பத் திரும்ப வருவார் ஆதலால் உண்மைத் தொகை இதனினும் குறைவே. ஆனால், யார் இரண்டு முறை வந்தார் என்று பார்த்து நீக்குவதும் ஒரு பெரும் வேலையன்றோ? இவ்வளவையும் ஒவ்வொருவருக்கும், அவர் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும், அவர் காத்திருக்கும் அந்த நொடியிலேயே கணக்கிட்டுத் தர அது முயன்றது. இருவர் புதிதாக நண்பராயினர் என்றால், அவர்களைச் சூழ்ந்த ஆயிரமாயிரம் பேரின் சங்கிலிகளும் மாறிவிடும். உறுப்பினர் கூடக்கூட வேலை கூட்டலாக ஏறவில்லை; பெருக்கலாக ஏறியது. கணினிகளை மேலும் மேலும் வாங்கி அடுக்கினாலும், அவை ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருந்தன. ஒரு பக்கம் திறப்பதற்கு 40 வினாடிகள்வரை பிடித்த காலம் உண்டு. பறிப்போர் பெருகினர், வாடவைக்கும் இடம் மட்டும் நிரம்பி வழிந்தது.

தொழில்நுட்பக் குறை எப்படைப்பிலும் உண்டு. அதனைக் கண்டறிந்து திருத்துவதே ஆக்கியோன் கடமை. பிரண்ட்ஸ்டரை நடத்தியவர்களின் அவையில் அக்காலத்தில் வேறு செய்திகளே மேலோங்கியிருந்தன. இணையவழித் தொலைபேசியைச் சேர்க்கலாமா, பிற மொழிகளுக்குப் போகலாமா, விளம்பரத்தை எவ்வாறு பெருக்கலாம் என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். பக்கம் திறக்கவில்லை என்னும் எளிய உண்மை அவ்வாராய்ச்சியின் கடைசி வரிசையில் கிடந்தது. மேல்மாடியில் புதிய மாளிகைக்கு வரைபடம். கீழே அடித்தளத்தில் வெடிப்பு! 2004-இல் ஏப்ரம்ஸ் தலைமைப் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். அதே ஆண்டில் தளத்தின் நிரலை ஜாவா மொழியிலிருந்து பிஎச்பி என்னும் மொழிக்கு மாற்றி எழுதினர். வேகம் ஓரளவு கூடியது. அம்மாற்றத்தைப் பற்றித் தம் வலைப்பதிவில் எழுதிய பொறியாளர் ஜாய்ஸ் பார்க் வேலைநீக்கம் செய்யப்பட்டார். மக்கள் மனம்விட்டு எழுதுவதற்கென்றே எழுப்பப்பட்ட ஒரு நிறுவனம், தன்னைப் பற்றி எழுதியவரைத் தாங்கிக்கொள்ளவில்லை. எழுத்தாளர்களாகிய நாம் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது.

தாங்கக் கற்றவர்கள் கொடுத்த விலை

பேஸ்புக் எனப்படும் முகநூல் 2004-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. அது எல்லாருக்கும் ஒரே நாளில் கதவைத் திறக்கவில்லை. ஒரு கல்லூரி நிலைபெற்ற பின்னர் மற்றொரு கல்லூரி என முறைவைத்துப் பரவியது. தொடக்கத்தில் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனித் தரவுத்தளம் இருந்தது. நம் தோட்டத்து டிவிஷன் முறையேதான் இது. கல்லூரி மாணவனின் நண்பர்கள் பெரும்பாலும் அதே கல்லூரியில் இருப்பர் ஆதலால், வேலி போட்டாலும் உறவுகள் பெரிதாக அறுபடவில்லை.

ஆயின் வேலிக்குள் என்றைக்கும் இருக்க முடியுமா? உலகமே உள்ளே வந்த பிறகு, ஒருவனுடைய நண்பர்கள் ஆயிரம் கணினிகளில் சிதறிக் கிடப்பார்கள். அப்போது கையாண்ட வழி, படிகளைப் பெருக்குதல். அடிக்கடி கேட்கப்படும் செய்திகளைத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு முறையும் தேடாமல், விரைந்து எடுக்கத்தக்க நினைவகங்களில் முன்கூட்டியே படியெடுத்து வைத்தனர். முகநூல் பொறியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வுரையின்படி, அத்தளத்தின் பலர் பார்க்கும் பக்கங்களுள் ஒன்றைத் திறக்க அந்நினைவகங்களிலிருந்து சராசரியாக 521 துணுக்குகள் திரட்டப்பட்டன. கண் இமைக்கும் நேரத்தில் விரியும் ஒரு பக்கத்தின் பின்னே அத்தனை ஓட்டம்!

அந்நாளில் டுவிட்டர் எனப்பட்டு, 2023-இல் எக்ஸ் எனப் பெயர் மாறிய தளத்தின் கதையும் இத்தகையதே. பாரம் தாங்காமல் அது நின்றபோதெல்லாம், சின்னஞ்சிறு பறவைகள் ஒரு திமிங்கிலத்தைத் தூக்கிப் பறக்கும் படம் திரையில் தோன்றும். பின்னர் அவர்கள் கண்ட வழியாவது: ஒருவர் எழுதியவுடனேயே, அவரைப் பின்தொடர்வோர் ஒவ்வொருவரின் கூடையிலும் அதனைப் போட்டுவைப்பது. படிப்பவர் வந்ததும் கூடையை எடுத்து நீட்டினால் போதும். ஆனால், பல லட்சம் பேர் பின்தொடரும் புகழ்பெற்றவர் எழுதினால் அத்தனை கூடைகளுக்கும் ஓடி முடிவதற்குள் நேரம் கடந்துவிடும். எனவே, அவர்களுடைய எழுத்தைத் தனியே வைத்திருந்து, படிப்போர் வரும்போது சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடும் செய்தனர். நூறு பேர் படிக்கும் கவிஞனுக்கு ஒரு வழி. கோடிப் பேர் படிக்கும் நடிகருக்கு மற்றொரு வழி.

இவற்றையெல்லாம் பொறியியல் திறம் என்று பாராட்டுவோம், பாராட்டத்தக்கவையே. ஆனால் விலையையும் கணக்கிட வேண்டாவா? முன்னரே படியெடுத்து வைத்த செய்தி சிறிது பழையதாக இருக்கலாம். இங்கே எழுதிய கருத்துரை மற்றொரு நாட்டு நண்பருக்குப் பிந்தித் தெரியலாம். விருப்பக்குறியின் எண்ணிக்கை ஒருவர் திரையில் ஒன்றாகவும் வேறொருவர் திரையில் மற்றொன்றாகவும் ஒரு கணம் நிற்கலாம். எல்லாருக்கும் ஒரே உண்மையை ஒரே நொடியில் காட்டுவது என்னும் பிரண்ட்ஸ்டரின் பேராசையைக் கைவிட்டவர்களே பிழைத்தார்கள். எனவே, நாம் திரையில் காண்பது உறவின் முழு உருவம் அன்று. தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்து எடுத்த படியே. அப்படியில் தோன்றும் விருப்பக்குறிகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு சிறுகதையின் தரத்தை நிறுக்கத் துணியும் நம் திறனாய்வாளர் சிலரின் போக்கு, கூடையின் எடையைப் பார்த்துத் தேயிலையின் சுவையைச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆளில்லா லயங்கள்

இங்கு ஒரு மறுப்பு எழலாம். வேகக் குறைவே காரணமாயின், 2004-க்குப் பிறகும் அத்தளம் பல்லாண்டு வாழ்ந்தது எங்ஙனம்? நியாயமான கேள்வியே. மேலை நாட்டவர் விலகிய பிறகும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாடுகளில் அது செழித்திருந்தது. 2013-இல் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கார்சியா முதலிய ஆய்வாளர்கள் அதன் மரணத்தை ஆராய்ந்து ஒரு விளக்கம் தந்தனர். ஒரு தளத்தில் இருப்பதற்கான தொல்லை பயனை மிஞ்சும்போது, குறைந்த நண்பர்களை உடையோர் முதலில் விலகுவர். அவர்கள் விலகியதால் வேறு சிலருக்கு நண்பர்கள் குறைவர், அவர்களும் விலகுவர். இவ்வாறு விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒவ்வோர் அடுக்காகக் கலைந்துபோகும்.

இவ்விளக்கத்தைப் படித்தபோது எனக்குக் கணினி நினைவுக்கு வரவில்லை. நம் லயங்களே நினைவுக்கு வந்தன. ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பிழைப்புத் தேடிப் போனபோது, லயம் ஒரே நாளில் காலியாகவில்லை. முதலில் உறவு குறைந்த குடும்பம் போயிற்று. பிறகு அதன் அண்டை வீட்டார். பிறகு அவர்களைச் சார்ந்திருந்தோர். இன்று அம்மலைகளில் கொழுந்தெடுப்போரில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள். சிதறிப்போன நம்மவர் மறுபடியும் சேர்ந்து பேசிய திண்ணையாக இத்தளங்கள் விளங்கின. ஆகவேதான் அவற்றின் அழிவு நமக்கு வெறும் வணிகச் செய்தி ஆகாது.

2009 டிசம்பரில், கணேஷ் குமார் பங்காவின் தலைமையில் இயங்கிய மலேசிய நிறுவனமான எம்ஓஎல் குளோபல் பிரண்ட்ஸ்டரை வாங்கியது. அப்போது அதில் 11 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்தனர். 2010-இல் அதன் காப்புரிமங்கள் முகநூலின் கைக்குப் போயின. முறிந்த வண்டியின் வரைபடத்தை ஓடும் வண்டிக்காரர் வாங்கிக்கொண்டார் எனலாம். 2011-இல் அது விளையாட்டுத் தளமாக உருமாறியது. பயனர்களின் நிழற்படங்கள், வலைப்பதிவுகள், மடல்கள், கருத்துரைகள் முதலியன நீக்கப்படும் என முன்னறிவிப்புத் தந்து, அவ்வாறே நீக்கினர். ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வலர் குழு இயன்ற பகுதியைப் படியெடுத்துக் காத்தது. 2015 ஜூன் மாதத்தில் தளமே நின்றது.

எழுத்தைச் சேமித்து வைப்பதும் பொறியியல் சுமையே என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் வட்டு வேண்டும். வட்டுக்கு மின்சாரம் வேண்டும். பழுதானால் மாற்ற ஆள் வேண்டும். வருவாய் நின்றதும் முதலில் இறக்கப்படும் சுமை பழைய நினைவுகளே. எங்கள் தோட்டத்து நண்பர் ஒருவர் பல்லாண்டுகள் ஒரு தளத்தில் கவிதை எழுதிவந்தார். அத்தளத்தின் பெயர் ஈண்டு வேண்டா. கொழுந்து நிறுக்கும் வரிசையில் தாய் நின்ற காட்சியும், மூடுபனியில் பள்ளிக்கு நடந்த வழியும், பெரட்டுக்கு அடிக்கும் மணியோசையும் அக்கவிதைகளில் இருந்தன. தாளில் படியெடுத்து வைக்கவில்லை. தளம் மூடப்பட்டது. இன்று அவருக்கு நினைவிலிருப்பவை இரண்டே கவிதைகள்; அவற்றிலும் ஒன்றின் ஈற்றடி மறந்துபோயிற்று. அவர் அதனைச் சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க இயலவில்லை. தேயிலைத் தோட்டத் தமிழரின் வாழ்வைப் பற்றி நம்மிடையே எழுதப்பட்டவை ஏராளம் அல்ல. அச்சிறு தொகையிலும் ஒரு பங்கு அன்றைக்கு அழிந்தது.

இதனால் வலைத்தளத்தில் எழுதவேண்டா என்று நான் கூறவில்லை. வண்டியில் ஏறாதே என்பது வள்ளுவர் கருத்தும் அன்று. வண்டியின் வலியறிந்து ஏற்று என்பதே அவர் கருத்து. உறவாடுவதற்குத் தளம் வேண்டும். வாசகரைச் சென்றடையவும் வேண்டும். ஆனால், திண்ணையைப் பெட்டகமாகக் கருதும் பிழையை நாம் செய்யலாகாது. தளத்தில் எழுதுவோர் ஒவ்வொருவரும் தம் எழுத்தின் படியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்வது முதற்கடமை. நம் சங்கத்தின் கிளைகள், தம் வட்டாரத்துத் தோட்ட மக்கள் இணையத்தில் எழுதியவற்றுள் தகுந்தவற்றை ஆண்டுக்கொரு முறை திரட்டி, எளிய பதிப்பாகவேனும் அச்சிட்டு, தமிழ்ப்பள்ளி நூலகங்களிலும் பொது நூலகங்களிலும் சேர்ப்பது இரண்டாம் கடமை. முந்நூறு படிகள் போதும். பதினோரு கோடிப் பேரைத் தாங்க முயன்ற வண்டியின் அச்சு முறிந்தது. முந்நூறு பேருக்காக ஏற்றிய அச்சு, பேரப்பிள்ளைகள் காலம்வரை நூலகத்தில் நிற்கும். கேமரன் மலைக் கிளையினர் இப்பணியைத் தொடங்குவராயின், அந்நண்பரின் நினைவிலுள்ள ஒன்றரைக் கவிதைகளை முதற்பக்கத்துக்கு வாங்கித் தருவது என் பொறுப்பு.